சுக்கான் ஏந்திய ஐசிஸ்: ரோமானியர் கால எகிப்திய வெண்கலப் படிமம் ஒன்றின் மதிப்புரை

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலைக்கு அருகில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில், முன்கூட்டியே நேரம் கேட்டு வருவோருக்கு மட்டும் கதவைத் திறக்கும் சிறிய பழம்பொருள் கடை ஒன்று இருக்கிறது. அங்கு நான் வாங்கிய வெண்கலப் படிமத்தைப் பற்றியும், அதை விற்ற கடையின் சேவையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். எகிப்து ரோமானியப் பேரரசின் மாநிலமாக இருந்தபோது, கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டதாகக் கடை மதிப்பிட்டுள்ள ஐசிஸ் என்ற எகிப்தியப் பெண்தெய்வத்தின் உருவம் அது. உயரம் எட்டரை சென்டிமீட்டர். கையில் எடுத்தால் அந்த அளவுக்கு எதிர்பார்க்காத கனம். விலை நான்காயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பாராட்டோடு சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய பொருளை வாங்குபவர் உலோகத்துக்குக் கொடுக்கும் கவனத்தை அதனுடன் வரும் தாள்களுக்கும், வாங்கிய பின் அதை வைக்கப்போகும் இடத்தின் காற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மூன்றையும் கொண்டே இப்படிமத்தை மதிப்பிட்டிருக்கிறேன்.

அம்மன் நின்ற கோலத்தில் இருக்கிறாள். உடலின் பாரம் ஒரு காலில் தங்க, மற்றொரு காலின் முழங்கால் சற்றே மடங்கி ஆடைக்குள்ளிருந்து முன்னே தெரிகிறது. வலக்கை கப்பலின் சுக்கானைப் பிடித்திருக்கிறது. இடக்கை பழங்கள் நிரம்பி வழியும் வளக்கொம்பைத் தோளோடு அணைத்திருக்கிறது. இவ்விரண்டும் பழைய எகிப்தின் சின்னங்கள் அல்ல. கிரேக்கர்கள் டைக்கி என்றும் ரோமானியர்கள் ஃபோர்த்தூனா என்றும் வணங்கிய நற்பேற்றுத் தெய்வத்துக்கு உரியவை. ஐசிஸை அடையாளம் காணத் தலையையும் மார்பையும் பார்க்க வேண்டும். தலையில் பசுவின் இரு கொம்புகளுக்கு நடுவே ஞாயிற்று வட்டம், அதன்மேல் இரண்டு இறகுகள், அடியில் கோதுமைக் கதிர்கள். மார்பின் நடுவே மேலாடையின் முனைகளைச் சேர்த்துக் கட்டிய முடிச்சு. இரண்டு தெய்வங்களும் ஓருருவாகக் கலந்த இவ்வடிவத்தை ஆய்வாளர்கள் ஐசிஸ்-ஃபோர்த்தூனா என்று குறிப்பிடுகிறார்கள். எகிப்தில் மட்டுமன்றி, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலுக்குள் புதையுண்ட இத்தாலிய நகரங்களிலும் இவ்வடிவம் கிடைத்திருக்கிறது.

கடையிலிருந்த மற்றப் பொருள்களை விட்டு இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு அந்தச் சுக்கானே காரணம். கி.மு. 30இல் ரோமானியர் கைக்கு எகிப்து போன பிறகு, நைல் கரையில் விளைந்த கோதுமை அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பலேறி ரோம் நகரத்துக்குச் சோறு போட்டது. அந்தக் கப்பல்களுக்குக் காவல் தெய்வமாக ஐசிஸ் விளங்கினாள். குளிர்காலம் கழிந்து கடற்பயணம் மீண்டும் தொடங்கும் வேளையில், மார்ச் 5ஆம் நாள், அவள் பெயரால் ஒரு கப்பலை அலங்கரித்துக் கடலில் விடும் விழாவைப் பேரரசின் பல துறைமுகங்களில் கொண்டாடினார்கள். தலையில் கோதுமைக் கதிரும் கையில் சுக்கானும் ஒரே உருவத்தில் சேர்ந்திருப்பதன் பொருள் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. துறைமுகத்தால் வளர்ந்த ஊரில் வாழும் நமக்கு, விளைச்சலையும் கடல்வழியையும் சேர்த்துக் காக்கும் ஒரு தெய்வத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எகிப்திய வெண்கலம் என்று தேடிச் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சந்தையில் அதிகமாகக் காணப்படுவது மம்மியைப்போல் உடல் சுற்றப்பட்டு, மார்பில் செங்கோலும் சவுக்கும் ஏந்தி விறைப்பாக நிற்கும், ஐசிஸின் கணவரான ஒசிரிஸின் உருவம். அவற்றுள் பெரும்பாலானவை கி.மு. 664 முதல் 332 வரையிலான காலத்திலும் அதை அடுத்து எகிப்தை ஆண்ட கிரேக்க வழிவந்த தாலமி மன்னர்களின் ஆட்சியிலும் நேர்த்திக்கடனாகக் கோயில்களுக்குக் கொடுக்கப்பட்டவை. கோயிலில் இடம் நிறைந்தபோது, தெய்வத்துக்கு உரியவற்றை வெளியே எறிய மனமின்றி, வளாகத்துக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். ரோமானியர் காலத்துச் சிறு படிமங்களில் கணிசமானவை வீட்டு வழிபாட்டுக்கு உரியவை. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கரானிஸ் என்ற ஊரை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1935 வரை அகழ்ந்தபோது, வீட்டுச் சுவர்களில் மாடங்களும், ஒரு வீட்டின் சுவரில் குழந்தைக்குப் பாலூட்டும் ஐசிஸின் ஓவியமும் வெளிப்பட்டன. நான் வாங்கிய படிமமும் அப்படியொரு மாடத்தில் நின்றிருக்கக்கூடும் என்பதற்கு அதன் முதுகுப்புறமே தக்க சான்று. முன்புறத்தில் ஆடையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, பின்புறத்தில் உளியால் இழுத்த சில கோடுகளோடு கைவினைஞர் நிறுத்திக்கொண்டுவிட்டார். பின்னழகையும் முன்னழகுக்கு நிகராக வார்த்த சோழர் படிமங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஏமாற்றம் தரலாம். ஆனால் வீதியுலாவில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தரிசிக்கப்படும் உற்சவரையும், சுவரை ஒட்டி நின்ற வீட்டுத் தெய்வத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது.

வார்ப்பு முறை நமக்கு மிகவும் தெரிந்ததுதான். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்வது அதைத்தான். இவ்வளவு சிறிய உருவமாதலால் உள்ளே மண் கரு வைக்காமல் கனமாகவே வார்த்திருக்கிறார்கள். செம்போடும் வெள்ளீயத்தோடும் காரீயத்தையும் சேர்ப்பது அக்கால எகிப்திய வார்ப்பாளர்களின் வழக்கம். காரீயம் உலோகக் குழம்பை இளக்கி நுண்ணிய இடுக்குகளுக்குள்ளும் ஓடவைக்கும். வளக்கொம்பில் இருக்கும் திராட்சைக் கொத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதன் பயன் விளங்குகிறது. முகம் அவ்வளவு கூர்மையாக இல்லை. மூக்கும் உதடும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. எனினும் தலைச்சாய்வில் ஒரு கனிவு இருக்கிறது. சற்றுத் தாழ்வான வெளிச்சத்தில் பார்க்கும்போது அது நன்றாகப் புலப்படுகிறது.

இனிக் குறைகள். கடையின் விவரச் சீட்டில் "முழுமையானது" என்று எழுதியிருந்தது. அது சரியன்று. சுக்கானின் கீழ்ப்பகுதி எப்போதோ முறிந்து பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய இடத்தில் பச்சைக் களிம்பு போலத் தோன்றுமாறு நிறம் தீட்டியிருக்கிறார்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடு தெரிகிறது. பாதத்துக்கு அடியில் உள்ள முளை பழமையானது. ஆனால் அது செருகப்பட்டிருக்கும் பளிங்குப் பீடம் இக்காலத்தது, அதையும் சீட்டில் குறிப்பிடவில்லை. இரண்டையும் சுட்டிக்காட்டியபோது கடைக்காரர் தயங்காமல் ஒப்புக்கொண்டு, விலையில் ஒரு பகுதியைக் குறைத்ததோடு, திருத்திய விவரச் சீட்டைக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். இரண்டாயிரம் ஆண்டுப் பொருளில் ஒட்டு இருப்பது இழுக்கல்ல. அதை முன்னதாகச் சொல்லாமல் விடுவதுதான் இழுக்கு. வாங்குபவர் விளக்கோடும் உருப்பெருக்கியோடும் போகாவிட்டால் அந்தத் திருத்தம் நடந்திருக்காது.

இரண்டாவது குறை பெட்டி. உட்புறம் கம்பளித் துணி விரித்த அழகான ஓக் மரப் பெட்டியில் படிமத்தை வைத்துக் கொடுத்தார்கள். பரிசளிக்க ஏற்ற தோற்றம்தான், ஆனால் பழைய உலோகத்துக்கு அது பகை. ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி வெளிப்படும். கம்பளியிலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளிப்படும். மூடிய பெட்டிக்குள் இரண்டும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். அமிலமற்ற அட்டைப்பெட்டியும் பாலிஎத்திலீன் நுரையும் போதும், அவை செலவும் குறைவு. பழம்பொருளை விற்றுப் பிழைக்கும் ஒரு கடை இதை அறிந்திருக்க வேண்டும்.

தாள்களைப் பொறுத்தவரை இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். எகிப்து 1983இல் இயற்றிய 117ஆம் எண் சட்டம் தொல்பொருள்கள் அனைத்தையும் பொதுச்சொத்தாக அறிவித்து, அவற்றின் வணிகத்தையும் ஏற்றுமதியையும் தடை செய்தது. அதற்கு முன்பு உரிமம் பெற்ற வணிகர்கள் அங்கே இருந்தார்கள். கெய்ரோ அரும்பொருளகமே தன் வளாகத்தில் ஒரு விற்பனைக்கூடம் நடத்தியது. ஆகவே, இன்று ஓர் எகிப்தியப் பழம்பொருளை மனச்சான்றுக்கு விரோதமின்றி வாங்க வேண்டுமானால், அது அந்தச் சட்டத்துக்கு முன்பே, இயன்றால் பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க வந்த 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கும் முன்பே, நாட்டை விட்டு வெளியேறியதற்கு எழுத்துச் சான்று இருக்க வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட உறையில் அறுபதுகளில் ஓர் ஐரோப்பியக் குடும்பம் இப்படிமத்தை வாங்கியபோது எழுதப்பட்ட ரசீது, பின்னர் அது ஏலத்துக்கு வந்தபோது அச்சிட்ட பட்டியலின் பக்கம், களவுபோன கலைப்பொருள்களின் தரவுத்தளத்தில் தேடியதற்கான சான்றிதழ், சிங்கப்பூருக்குள் கொண்டுவந்தபோது பொருள் சேவை வரி கட்டிய ஆவணம் ஆகிய நான்கும் இருந்தன. ஏலப் பட்டியலின் படத்தில் சுக்கான் ஏற்கெனவே ஒட்டப்பட்ட நிலையில் இருப்பது, படத்தில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றே என்பதற்கு நல்ல அத்தாட்சி. ரசீதில் உயரத்தையும் கைகளில் உள்ளவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். "பழைய ஐரோப்பியத் தொகுப்பு" என்ற மூன்று சொற்களை மட்டும் சான்றாக நீட்டும் விற்பனையாளர்கள் பலர். அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் ஒரு தாளும் இல்லையென்றால், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தமிழர்களாகிய நாம் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேசுவரி வெண்கலப் படிமம், தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயில் ஒன்றிலிருந்து களவு போனதாகத் தெரியவந்து, 2015இல் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. பெரிய நிறுவனம், அனுபவம் மிக்க வல்லுநர்கள், எல்லாம் இருந்தும் பொய்த் தாள்கள் அவர்களைத் தாண்டி வந்துவிட்டன. நம் ஊர்க் கோயிலின் கருவறை வெறிச்சோடிக் கிடந்தபோது நமக்கு எப்படி வலித்ததோ, அப்படித்தான் நைல் கரையில் இரவோடிரவாகத் தோண்டப்பட்ட மண்ணைப் பார்க்கும் எகிப்தியருக்கும் வலிக்கும். அந்த வலியில் பங்கேற்காத ஒரு பொருளையே நான் வாங்க விரும்பினேன்.

இது போலியாக இருக்கக்கூடுமா என்ற கேள்விக்கும் கடை பொறுப்பாகவே பதில் சொன்னது. வயதைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை சுட்ட மண்ணுக்குத்தான் பயன்படும். மண் கரு இல்லாத இப்படிமத்துக்கு அது உதவாது என்பதை அவர்களே முதலில் சொன்னார்கள். உலோகக் கலவையில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையின் அறிக்கையைக் காட்டினார்கள். செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றோடு சிறிதளவு துத்தநாகமும் இருந்தது. துத்தநாகம் என்றவுடன் இக்காலப் பித்தளை என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ரோமானியர்கள் அகஸ்டஸ் காலத்திலிருந்தே பித்தளையில் நாணயம் அடித்தவர்கள். பழைய உலோகத்தை உருக்கி மீண்டும் வார்ப்பது அன்றாட வழக்கம். ஆகவே சிறிதளவு துத்தநாகம் அக்காலத்துக்குப் பொருந்துவதே. எனக்கு நம்பிக்கை தந்தது களிம்பின் அடுக்குதான். மேலே கருமை கலந்த பச்சை, அது தேய்ந்த இடங்களில் அடியில் செம்பழுப்பு நிறத்துக் குப்ரைட் (செம்பின் ஆக்சைடு) படலம், அதற்கும் கீழே உலோகம். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து இயல்பாக வளரும் அடுக்கு அது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால், கடைக்காரரின் அனுமதியோடு, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தொட்டுப் பார்த்தோம். நிறம் பெயரவில்லை. தீட்டிய நிறம் இருந்த ஒட்டுப் பகுதியில் மட்டும் பஞ்சில் பச்சை ஏறியது.

சிங்கப்பூரில் இதை எப்படிக் காப்பாற்றுவது? வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மண்ணில் கிடந்த வெண்கலத்துக்குள் உப்பு ஊறிக் குளோரைடாகத் தங்கியிருக்கும். உலர்ந்த இடத்தில் அது உறங்கிக் கிடக்கும். காற்றின் ஈரம் ஏறினால் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மேலும் உலோகத்தைத் தின்று மேலும் குளோரைடை உண்டாக்கும். வெளிர்பச்சை நிறத்தில், விரலால் தொட்டால் மாவுபோல் உதிரும் புள்ளிகளாக அது வெளிப்படும். வெண்கல நோய் என்று பாதுகாப்பாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைத் தடுக்கக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். நம் ஊரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கும் மேல். குளிர்சாதனம் ஓடும்போது இறங்கி, அணைத்ததும் ஏறும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தால் மட்டும் போதாது.

நல்லவேளையாக, இங்குள்ள புகைப்படக் கலைஞர்கள் லென்சில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்படுத்தும் மின்சார உலர்பெட்டி இதற்கும் பொருந்துகிறது. கண்ணாடிக் கதவு கொண்ட சிறிய பெட்டி ஒன்றை வாங்கி, 38 விழுக்காட்டில் நிறுத்தி, தனியாக ஓர் ஈரப்பதமானியையும் உள்ளே வைத்திருக்கிறேன், ஏனெனில் பெட்டியோடு வரும் எண்காட்டியை மட்டும் நம்ப முடியாது. மின்சாரம் போனாலும் தாங்குவதற்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் அடித்தட்டில் இருக்கின்றன. எடுக்கும்போது கையுறை அணிய வேண்டும், வியர்வையிலும் உப்பு உண்டு. நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை: குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் விபூதியும் இட்டு இதைத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், களிம்பும், அதன்கீழ் இருந்த கைவினைஞரின் கோடுகளும், படிமத்தின் மதிப்பும் ஒன்றாகப் போய்விடும். எண்ணெய், பால், சந்தனம், கற்பூரப் புகை எதுவும் ஆகாது.

வீட்டுக்கு வந்த என் அத்தை படிமத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மன்னு சொல்ற. சாமி ரூம்ல வைக்காம கேமரா பெட்டியில வச்சிருக்கியே?" என்று கேட்டார். "சுக்கான் முறிஞ்சு ஒட்டியிருக்கு அத்தை. பின்னமான விக்கிரகத்தைப் பூசையில வைக்க மாட்டோமே" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கோ அது பாதிப் பதில்தான். ஒரு காலத்தில் யாரோ ஒரு குடும்பம் விளக்கேற்றிக் கும்பிட்ட தெய்வம் இது. பூசையில் வைக்காவிட்டாலும், வெறும் அலங்காரப் பொருள்களுக்கு நடுவே நிறுத்த மனம் வரவில்லை. அதனால் பெட்டியின் அந்தத் தட்டில் வேறெதையும் வைக்கவில்லை.

கடையின் அறிமுக அட்டையில் ஐசிஸைப் பற்றிக் கிளியோபாட்ராவின் காலத்துக் கதைகள் நிறைய இருந்தன; நம் வாசகர்களுக்கு அதைவிட நெருக்கமான ஒன்று விடுபட்டிருந்தது. செங்கடற்கரையில் ரோமானியர் பயன்படுத்திய பெரெனிகே துறைமுகத்தில், ஐசிஸின் துணைவராக வணங்கப்பட்ட செராபிஸின் கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்யப்பட்ட பெரிய சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோவுக்குமேல் மிளகு கிடைத்தது. அதே துறைமுகத்தின் ஐசிஸ் கோயிலில் 2022இல் பளிங்குப் புத்தர் சிலை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அங்கிருந்து வடக்கே குசேர் அல் கதீம் என்ற மற்றொரு பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்ற பெயர்களைத் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கடல் கடந்து சென்ற நம் வணிகர்கள் இந்தத் தெய்வத்தின் கோயில்கள் இருந்த துறைமுகங்களில் நடமாடியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது கடைக்காரர் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார். அடுத்த அட்டையில் சேர்ப்பதாகவும் கூறினார்.

விலையைப் பற்றி ஒரு சொல். ஒட்டு இல்லாததாகவும் முகம் தெளிவாகவும் இருந்தால் இதே அளவுப் படிமத்துக்கு இன்னும் கூடுதலாகவே கேட்டிருப்பார்கள் என்பதால், திருத்திய விலை எனக்கு ஏற்புடையதே. வெளிநாட்டு ஏலத்தில் குறைவாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள், ஏல நிறுவனத்தின் கட்டணம், காப்பீட்டோடு கூடிய அஞ்சல் செலவு, இங்கு வந்து இறங்கும்போது கட்ட வேண்டிய 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாக, கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கியிருந்தால் சுக்கானின் ஒட்டு எனக்குத் தெரிந்திருக்காது. கடையில் அவசரப்படுத்தவில்லை, வெள்ளை விளக்கு கேட்டதும் கொண்டுவந்து வைத்தார்கள், தாள்களின் நகலை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் போலி என்று நிரூபணமானால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக ரசீதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அதே கடையில், வாயருகே விரல் வைத்து நிற்கும், ஐசிஸின் மகனான ஹார்ப்போகிரட்டீஸின் குழந்தை உருவம் ஒன்றும் விற்பனைக்கு இருக்கிறது. என் ஐசிஸைவிட முகம் அழகானது, விலையும் குறைவு. ஆனால் அதன் இடது தோளுக்குப் பின்னால் வெளிர்பச்சைப் புள்ளிகள் இரண்டு தெரிகின்றன, தொட்டால் உதிர்கின்றன. உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துச் சரிசெய்து, அதற்கான அறிக்கையோடு தந்தால் மட்டுமே அதை வாங்கலாம். அப்படிச் செய்து தருமாறு கேட்டால் கடைக்காரர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.